பித்தளை முள்ளோடு பதினோரு நாள்

அப்பாவின் ஆர்எக்ஸ் 100, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சித்தப்பாவின் காபிக் கொட்டகையில் நாலு வருஷம் நின்றது. 1994இல் வாங்கிய வண்டி. அப்பா போன பிறகு யாரும் தொடவில்லை. காபிப் பழம் மூட்டை போட இடம் பத்தவில்லை என்று சித்தப்பா ஒருநாள் போன் செய்தார். "வண்டிய எடுத்துக்கறயா, பழைய இரும்புக்குப் போடட்டுமா?" மறுநாளே ஒரு குட்டி யானையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

சேலம் கொண்டுவந்து டேங்கைக் கழுவி, புது பிளக் மாட்டி, பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். ஒன்பதாவது உதைக்குக் கிளம்பியது. தெரு முழுக்கப் புகை. எதிர்வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டே வாசலுக்கு வந்து நின்றார். அதெல்லாம் சரி. ஆக்சிலேட்டரை விட்டால் வண்டி அணைந்துவிடும். சோக்கை இழுத்து வைத்தால் ஓடும், தள்ளினால் இரண்டு நொடியில் உயிர் போகும்.

சோக் என்பது பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுவது. அதைப் போட்டால் ஓடுகிறது என்றால் என்ன பொருள்? ஐட்லிங்கில் என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் போதவில்லை. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டைத் துண்டான பைலட் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்து வெளிக்காற்று உள்ளே புகலாம். ரப்பரைச் சுற்றி கார்புரேட்டர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துப் பார்த்தேன். என்ஜின் சத்தம் மாறவில்லை, எனவே அது இல்லை. (சூடான சைலன்ஸர் பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.) பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், ஓட்டை சுத்தம். அப்படியென்றால் அடைப்பு கார்புரேட்டர் உடம்புக்குள் ஓடும் மயிரிழைப் பாதைகளில். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் ஏர் ஸ்குரூ வெளியே வந்தாக வேண்டும். அதுதான் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் இரண்டு ஸ்குரூ இருக்கும். பெரியது ஐட்லிங் ஸ்குரூ. அது உள்ளே இருக்கும் ஸ்லைடை, அதாவது ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் அடைப்பை, கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். சின்னதுதான் கலவையை மாற்றுவது. அது ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்குரூ. முடுக்கினால் காற்று குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் எல்லாம் இந்த வகை. என்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையையே கட்டுப்படுத்தும் ஸ்குரூ. முடுக்கினால் பெட்ரோல் குறையும். பின்னால் வந்த பல நாலு ஸ்ட்ரோக் வண்டிகளில் இப்படி. இரண்டுக்கும் திசை நேர் எதிர்.

இதைத் தெரியாமல்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் "நல்லா முடுக்கி வெச்சா பெட்ரோல் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்பாவும் சொல்வார். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் திருப்புளியோடு வண்டி முன்னால் குந்திவிடுவார். ஆர்எக்ஸில் அவர் முடுக்க முடுக்க வண்டி இன்னும் அதிகமாகக் குடித்திருக்கும். பாவம்.

முதலில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். சாயங்காலம் போனபோது ஏர் ஸ்குரூவின் தலையில் திருப்புளி வைக்கும் கோடு இரண்டு பக்கமும் சிதைந்து, வெட்டுப்பட்ட பித்தளை பளபளவென்று தெரிந்தது. "பிடிச்சிக்கிச்சு தம்பி, வராது. புது கார்புரேட்டர் போட்டுரலாம்." இந்த வண்டிக்குப் புதிது என்று விற்பதில் பலவும் போலி. வாயைத் திறக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கார்புரேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்குரூ பித்தளை. உடம்பு துத்தநாகக் கலவை. ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். டேங்கில் மிச்சமிருந்தது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவே ஈரம், நாலு வருஷம். பித்தளையில் களிம்பு, துத்தநாகத்தில் வெள்ளை உப்பு, இரண்டும் சேர்ந்து மரைக்குள் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியை மாதக் கணக்கில் நிறுத்துகிறவர்கள் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது. இரண்டு நிமிஷ வேலை.

முதல் வேலையாகக் கிண்ணத்தைத் திறந்தேன். அதிலேயே ஒரு பாடம். கிண்ணத்தின் நாலு ஸ்குரூவும் ஸ்டார் தலைதான், ஆனால் ஜப்பானிய வகை. நம் கடைகளில் கிடைக்கும் சாதா ஸ்டார் திருப்புளி அதில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் எகிறி வெளியே வந்து தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் சாதா பிட்டின் நுனியை அரை மில்லிமீட்டர் தேய்த்துவிட்டால் ஆழமாக உட்காரும். நான் அப்படித்தான் செய்தேன். ஃப்ளோட், ஊசி, ஜெட்கள், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். மிஞ்சியது வெறும் உடம்பும் அந்த ஸ்குரூவும்.

எண்ணெய் ஊறவைப்பது எல்லாருக்கும் தெரியும். தலைப் பக்கம் மட்டும் ஊற்றுவோம். அது ஸ்பிரிங் வரை போய் நின்றுவிடும். ஏர் ஃபில்டர் பக்கத்து வாயில் பார்த்தால், பெரிய துளைக்குக் கீழே குண்டூசித் தலை அளவு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் ஸ்குரூவின் முனைக்குப் போகிறது. அந்த ஓட்டையில் எண்ணெய் ஸ்ப்ரேயின் குழாயை வைத்து அடித்து, உடம்பைச் சாய்த்து வைத்தால் எண்ணெய் பின்பக்கமாக மரைக்கு வரும். காலை ஒரு பக்கம், ராத்திரி மறுபக்கம் என்று ஐந்து நாள் மாற்றி மாற்றி ஊற வைத்தேன்.

ஆறாம் நாள் வெந்நீர். அம்மாவிடம் ஓட்டை விழுந்து அடைத்த அலுமினியக் குண்டான் ஒன்று இருந்தது. "அதுல வெச்சு இரும்ப வேகவெக்கறயா, சாப்பாட்டுக்கு வேற என்ன வேணும்?" என்றார். இரும்பு இல்லையம்மா, துத்தநாகம் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. சூட்டில் துத்தநாகக் கலவை பித்தளையைவிட அதிகம் விரியும். அதனால் ஸ்குரூவைச் சுற்றியுள்ள ஓட்டை ஒரு துளி பெரிதாகும். கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம், எடுத்துத் துடைத்து உடனே எண்ணெய். ஆறும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை மூன்று முறை செய்தேன். கேஸ் டார்ச்சை வைத்து நேரே காட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த உலோகம் 400 டிகிரிக்கு முன்னாலேயே உருகிவிடும்; அதற்கு வெகுமுன்பே வளையும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதுதான் வெந்நீரின் வசதி.

ஏழாம் நாள் நான் தப்பு செய்தேன். பட்டறைக்காரரைத் திட்டிய அதே தப்பு. சிதைந்த கோட்டில் பெரிய திருப்புளியை வைத்து, இன்னொரு கையால் அழுத்தி, மூச்சைப் பிடித்து ஒரு திருகு. டக்கென்று ஒரு சத்தம். ஆகா, வந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம். தலையில் பாதி பெயர்ந்து மடியில் விழுந்தது.

கடையில் வாங்கும் தட்டைத் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். கோட்டின் மேல் விளிம்பில் மட்டும் தொடும். வேகம் கொடுத்தால் மேலே ஏறி விளிம்பைப் பெயர்க்கும். நுனியின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக, கோட்டின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாகத் தேய்த்த திருப்புளி ஒன்றை முதல் நாளே நான் செய்து வைத்திருக்க வேண்டும். பித்தளை மெத்தென்ற உலோகம், ஒரு முறைதான் மன்னிக்கும். அப்புறம் இன்னொன்று: இறுகிய எதையும் நேராகக் கழற்றும் பக்கம் திருகாமல், முதலில் முடுக்கும் பக்கம் மயிரளவு அசைத்துப் பார்க்க வேண்டும். உப்பு உடைவது அந்த அசைவில்தான்.

தலை பாதி போனபிறகு, என் கார்புரேட்டரில் அது குழிக்குள் அமிழ்ந்து இருப்பதால், பிளையரால் பிடிக்கவும் வழியில்லை, ரம்பத்தால் புதுக் கோடு போடவும் வழியில்லை. துளை போடுவது ஒன்றுதான். வீட்டில் சுவரில் ஓட்டை போடும் ட்ரில் இருந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டு, நல்லவேளை, திரும்ப வைத்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்பேட்டை என்று எங்கே திரும்பினாலும் வெள்ளி வேலை நடக்கும். எங்கள் பக்கமும் அப்படித்தான். கார்புரேட்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். பட்டறை அண்ணன் கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது என்ன, முத்துக் கோக்கற ஓட்டையவிடப் பெருசா இருக்குது. இதுக்கா இந்த மூஞ்சி?" என்றார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் புது ஸ்குரூ ஒன்றைக் கேட்டார். ரிப்பேர் கிட்டில் வந்ததைக் கொடுத்தேன். அதன் தலையிலிருந்து முள், அதாவது ஸ்குரூவின் கூரான நுனி, ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, ட்ரில் பிட்டில் அந்த நீளத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே ஒரு துண்டு ஒட்டுப்பட்டையைச் சுற்றினார். அதைத் தாண்டி இறங்கக் கூடாது. தாண்டினால் முள் உட்காரும் அந்தக் கூம்பான இருக்கை போய்விடும், கார்புரேட்டர் குப்பைக்குத்தான். அடுத்து நடுப்புள்ளி. நானாக இருந்தால் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டியிருப்பேன். அவர், "தட்டுனா இந்த உடம்பு விரிசல் விடும்" என்று சொல்லி, வெள்ளியில் பூ வெட்டும் உளியைக் கையாலேயே அழுத்திச் சுழற்றி ஒரு குழி எடுத்தார். பித்தளைத் தூள் உதிர்ந்தது.

மேலே ஆணியில் மோட்டார் தொங்கும். அதிலிருந்து வளைந்து வரும் தண்டின் நுனியில் பிட்டை மாட்டுவார்கள். காலால் பெடலை அழுத்தினால் சுற்றும். பிட்டைத் தேன்மெழுகில் ஒரு முறை தொட்டுக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் துளை ஆரம்பித்தார். இரண்டு மூன்று நொடி துளைப்பார், எடுப்பார், ஊதுவார், மெழுகு தொடுவார். பிட் நேராகப் போகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். சத்தம் ஒரே சீராக இருந்தால் பித்தளை. கொஞ்சம் கரகரத்தால் துத்தநாகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமாம். நடுவில் என்னையும் ஒரு முறை செய்து பார்க்கச் சொன்னார். பிட் உடைந்தது. நல்லவேளை துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் இடுக்கியால் எடுத்துவிட்டார். "பெடல மிதிக்கிறயே ஒழிய, கை சொல்றதக் கேக்க மாட்டேங்கற" என்றார். அதற்கு மேல் என்னிடம் தரவில்லை.

துளையை ஒன்றரைக்கும், பிறகு இரண்டு மில்லிமீட்டருக்கும் பெரிதாக்கினார். நான் ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்த எடுப்பானை நீட்டினேன், எதிர்மரை போட்ட கூம்பு மாதிரி இருக்கும் அதுதான். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு யோசித்தபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. அது உள்ளே இறங்க இறங்கக் கூம்பு பித்தளையை வெளிப்பக்கம் விரிக்கும், மரை இன்னும் இறுகும். போதாக்குறைக்கு உள்ளே உடைந்தால் கதை முடிந்தது. அந்த எஃகைச் சாதா ட்ரில் தொடாது. அவர் தேய்ந்துபோன ஊசி அரம் ஒன்றின் நுனியை நாலு பட்டையாக, மிக மெல்லிய சரிவோடு தீட்டினார். அதைத் துளையில் வைத்து மரச்சுத்தியலால் இரண்டு தட்டு, குழந்தையைத் தட்டுவது போல. பட்டையின் நாலு மூலை மட்டும் பித்தளையைக் கடித்தது. உடம்பை மேசை விளக்கின் அருகே கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி, கைப்பிடியை முதலில் முடுக்கும் பக்கம் அசைத்தார். ஒன்றும் இல்லை. மறுபக்கம். மறுபடி முடுக்கும் பக்கம். அரை மணி நேரம் இப்படி. திடீரென்று கறுக் என்று ஒரு சத்தம், மரையின் வாயில் வெள்ளைப் பொடி எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் அவசரமே படவில்லை. கால் சுற்று கழற்றுவார், எட்டில் ஒரு சுற்று உள்ளே விடுவார், எண்ணெய் விடுவார். கடைசியில் ஸ்குரூ அரத்தின் நுனியிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்தது.

லென்சில் பார்த்தேன். முள்ளின் நுனியைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு. பல வருஷமாக யாரோ அதை இருக்கையில் அழுத்தி அழுத்தி முடுக்கிய அடையாளம். யாரோ என்ன, அப்பாதான். ஸ்குரூ அடிவரை மூடியே இருந்திருக்கிறது. அதனால்தான் நான் எவ்வளவு ஸ்ப்ரே அடித்தும் அந்த வழியாக உள்ளே போகவில்லை. நுனி உடைந்து ஓட்டைக்குள் மாட்டாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மீதி வேலை வீட்டில். புது ஸ்குரூ ஒன்றின் மரையில் நீளவாக்கில் ஒரு வெட்டு போட்டு, அதையே எண்ணெய் விட்டு உள்ளே வெளியே ஓட்டி மரையில் இருந்த உப்பைச் சுரண்டினேன். அந்த மரை நெருக்கமான மரை. கடையில் கிடைக்கும், மரை வெட்டும் சாதா டேப்பை விட்டால் இருப்பதையும் தின்றுவிடும். பிறகு ஸ்குரூ ஓட்டை வழியாக ஸ்ப்ரே, கண்ணாடி போட்டுக்கொண்டு. மூன்று இடத்தில் வெளியே வர வேண்டும்: காற்று வாயில் உள்ள அந்தச் சின்ன ஓட்டை, பைலட் ஜெட் குழி, ஸ்லைடுக்கு அந்தப் பக்கம் என்ஜின் வாயில் உள்ள ஊசித்துளை. மற்ற இரண்டையும் விரலால் அடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது வரவில்லை. குற்றவாளி அதுதான். ஒரு ராத்திரி ஊறவிட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் நுழைத்தெடுத்தேன். எஃகுக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். விட்டதும் பழுப்பாக ஒரு சொட்டு வந்தது, காய்ந்துபோன பெட்ரோல் பிசின். அதன் பிறகு பீய்ச்சி அடித்தது.

கிட்டில் வந்த ஸ்குரூவைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முள்ளின் சரிவு வேறு. குட்டையாக, மொக்கையாக இருந்தது. அளவு பார்க்கவும் மரை சுரண்டவும்தான் அது ஆகும் என்று தள்ளிவைத்து, பழைய முள்ளைக் காட்டியே இன்னொன்று தேடி வாங்கினேன். மரையில் மட்டும் பொட்டுக் கிரீஸ், முள்ளில் படாமல். ஸ்பிரிங்கோடு உள்ளே விட்டு, இரண்டு விரலால் பிடித்து, தொட்டதும் நிறுத்தினேன். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஆரம்பிக்க அது போதும்.

கன்னங்குறிச்சி வரை ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொண்டு வந்து ட்யூன் செய்தேன். ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்குரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து நொடி காத்திருக்க வேண்டும். எங்கே என்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்குரூவால் வேகத்தை இறக்க வேண்டும். எனக்கு ஒன்றேமுக்கால் சுற்றில் அமைந்தது. ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் சின்னது அல்லது இன்னும் அடைப்பு. இரண்டரைக்கு மேல் போனால் ஜெட் பெரியது. திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் ஸ்குரூவை விட்டுவிட்டு அடைப்பையும் காற்றுக் கசிவையும் தேடுங்கள்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு. சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், அதனால் அதே அளவு பெட்ரோல் அங்கே அதிகம். பதினைந்தாவது கொண்டை ஊசி தாண்டியதும் ஐட்லிங் தடதடவென்று கனத்தது. இருபதும் முடிந்து மேலே நிறுத்தி, கால் சுற்று வெளியே எடுத்தேன். தெளிந்தது. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் வண்டி கனமாக இழுப்பது அப்படியேதான் இருந்தது. அது மெயின் ஜெட்டின் வேலை. இந்த ஸ்குரூவின் ராஜ்யம் ஐட்லிங்கிலிருந்து கால் ஆக்சிலேட்டர் வரைதான். இறங்கும்போது மறக்காமல் கால் சுற்றை உள்ளே விட்டேன். கீழே வந்து அப்படியே ஓட்டினால் காற்று அதிகமாகி என்ஜின் காயும். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு அது ஆகாது. என்ஜின் காயக் கூடாது என்பதற்காகவே இறக்கம் முழுக்க ஆக்சிலேட்டரை மூடியே வைக்காமல் வளைவுக்கு வளைவு லேசாக ஒரு திருகு கொடுத்துக்கொண்டே வந்தேன். இந்த வண்டியில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு சேர்ந்துதான் திறக்கும், மூடினால் என்ஜினுக்குப் போகும் ஆயிலும் குறையும்.

பட்டறை அண்ணன் காசு வாங்கவில்லை. உடைத்த பிட்டுக்குப் பதில் இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். வாங்கி நகத்தில் உரசிப் பார்த்து, "பரவால்ல" என்றார். மாடிப்படிக்குக் கீழே அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றது. "ஐட்லிங் நிக்க மாட்டேங்குது. இப்பதான் உனக்குத் தெரியுமே, கொஞ்சம் பாரு." குனிந்து பார்த்தேன். ஸ்குரூவின் கோடு இரண்டு பக்கமும் சிதைந்திருந்தது. யார் இப்படிச் செய்தது என்று கேட்டேன்.

"நான்தான். அவசரம் தம்பி" என்றார்.